பழைய நெகட்டிவ், ஸ்லைடு எல்லாத்தையும் டிஜிட்டல் கேமராவுலயே காப்பி எடுக்கலாமா?

தாமிரபரணி_79

எல்லாருக்கும் வணக்கம். எங்க அப்பா எடுத்த நெகட்டிவ் ஒரு பிஸ்கட் டின் நிறைய வீட்ல இருக்கு. பாதிக்கு மேல கருப்பு வெள்ளை, அதுல கொஞ்சம் பெரிய சதுர நெகட்டிவ், அப்பாகிட்ட ஒரு அக்ஃபா கிளிக் 3 இருந்துச்சு, அதுல எடுத்தது. மிச்சம் 80கள் 90கள்ல யாஷிகாவுல எடுத்த 35 எம்எம் கலர். கூடவே மாமா கொடுத்த ஸ்லைடு ஒரு டப்பா, அட்டை பிரேம் போட்டது.

பிரிண்ட் முக்கால்வாசி இப்ப இல்ல, இருக்கிற பிரிண்டும் ஆல்பம் பிளாஸ்டிக்கோட ஒட்டிக்கிட்டு உரிச்சா படமே வந்துரும் போல இருக்கு. அதனால இந்த நெகட்டிவ்தான் எங்களுக்கு மிச்சம். ஆச்சி, பெரியம்மா, பழைய ஓட்டு வீடு எல்லாம் இதுல மட்டும்தான் இருக்காங்க.

இங்க ஒரு கடையில விசாரிச்சேன். பிரேமுக்கு இவ்வளவுன்னு ரேட் சொன்னாங்க, சாம்பிளுக்கு கொடுத்தது சின்ன ஜேபெக், முகமெல்லாம் மெழுகு தடவுன மாதிரி வழவழன்னு இருக்கு. டின்னை அப்படியே விட்டுட்டுப் போங்க, ஒரு மாசம் கழிச்சு வாங்கன்னாங்க. எனக்கு அதுக்கு மனசு வரல.

எங்கிட்ட இருக்கறது கேனான் 1500டி, கூட வந்த 18-55, அப்புறம் 50 எம்எம் எஃப்1.8 எஸ்டிஎம். சாதா ட்ரைபாட் ஒண்ணு உண்டு. இதை வச்சே பண்ண முடியுமா, இல்ல ஸ்கேனர் வாங்கறது நல்லதா? மேக்ரோ லென்ஸ் கட்டாயமா? லைட்டுக்கு மொபைல் ஸ்கிரீன் போதும்னு ஒரு வீடியோல பாத்தேன், உண்மையா? சில நெகட்டிவ்ல வெள்ளையா நூல் நூலா பூஞ்சை வேற இருக்கு, அதை என்ன பண்றது? தெரிஞ்சவங்க கொஞ்சம் விவரமா சொல்லுங்க ப்ளீஸ்.

ரீல்பெட்டி

தாராளமா பண்ணலாம் நண்பா, ஸ்கேனருக்கு காசு போடாதீங்க. பிளாட்பெட் ஸ்கேனர் பெட்டியில டிபிஐ எவ்வளவு பெருசா அச்சடிச்சிருந்தாலும் 35 எம்எம் பிலிம்ல இருக்கற நுணுக்கத்தை அதால முழுசா எடுக்க முடியாது, ஒரு பிரேமுக்கு நிமிஷக்கணக்குல ஓடும் வேற. உங்க 1500டி 24 மெகாபிக்சல், 6000க்கு 4000. ஒரு பிரேமை முழுசா நிரப்பி எடுத்தீங்கன்னா இன்ச்சுக்கு 4200 புள்ளி கிட்ட வருது, வீட்டுப் படத்துக்கு அதுக்கு மேல தேவையே இல்ல.

லென்ஸ் கணக்கு இதுதான். 35 எம்எம் பிரேம் 36க்கு 24 எம்எம், உங்க சென்சார் அகலம் 22.3 எம்எம். அப்ப பிலிம் அளவுல 0.62 மடங்கா பிம்பம் சென்சார்ல விழணும். 50 எஸ்டிஎம் தனியா 0.21 வரைக்கும்தான் போகும், கிட் லென்ஸும் பத்தாது. மேக்ரோ லென்ஸ் இருந்தா உத்தமம், ஆனா கட்டாயம் இல்ல, எக்ஸ்டென்ஷன் ட்யூப் வாங்கினா போதும். உள்ள கண்ணாடி எதுவும் கிடையாது, லென்ஸை கேமராவுல இருந்து தள்ளி வைக்கற வெறும் வளையம்தான். ட்யூப் நீளத்தை லென்ஸ் ஃபோக்கல் லெங்த்தால வகுத்தா எவ்வளவு கூடும்னு தெரிஞ்சிரும், 21 எம்எம் ட்யூப்னா 21ஐ 50ஆல வகுத்து 0.42, லென்ஸோட சொந்த 0.21 சேர்த்தா 0.63, உங்களுக்கு அளவெடுத்த மாதிரி வருது. 13, 21 வளையமெல்லாம் சேர்ந்த செட்டாவே கிடைக்கும். ஒண்ணு மட்டும் கவனம், எலக்ட்ரிக் கான்டாக்ட் உள்ளதா பாத்து வாங்குங்க. கான்டாக்ட் இல்லாத மலிவு ட்யூப்ல அப்பெர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையற துவாரத்தோட அளவு, மாத்த முடியாது, எஸ்டிஎம் லென்ஸுல கையால ஃபோகஸ் பண்றதுக்கே கரண்ட் வேணும், அதனால அதுவும் நடக்காது.

அப்பெர்ச்சர் எஃப்8 வைங்க. இவ்வளவு கிட்ட போகும்போது எஃப்8 ஏற்கனவே எஃப்13 மாதிரிதான் நடந்துக்கும், அதனால ஷார்ப்பா வரும்னு நினைச்சு எஃப்16, எஃப்22 போனா படம் மொத்தமா மங்கிரும். ஐஎஸ்ஓ 100, மேனுவல் மோடு, ரா ஃபைல் (ஜேபெக் ஆக்காத மூலப் பதிவு). லைவ் வியூ போட்டு 10 மடங்கு பெருசாக்கி பிலிமோட மணல் மணலான கிரெயின்ல ஃபோகஸ் பண்ணுங்க, முகத்துல பண்ணாதீங்க, அப்பா எடுத்தப்பவே முகம் கொஞ்சம் அவுட் ஆகியிருக்கலாம், கிரெயின் பொய் சொல்லாது. 2 செகண்ட் டைமர் வச்சு கையை எடுத்துருங்க.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்தது. எல்லாரும் லென்ஸைப் பத்தியே கேக்கறாங்க, ஆனா படம் கெட்டுப்போறது பெரும்பாலும் லென்ஸால இல்ல, ரெண்டு விஷயத்தால: கேமராவும் பிலிமும் நேருக்கு நேர் இல்லாதது, பிலிமைச் சுத்தி கண்ட வெளிச்சம் வர்றது. முதலாவதுக்கு ஒரு சின்ன முகம் பாக்கற கண்ணாடி போதும். பிலிம் வைக்கற இடத்துல கண்ணாடியை படுக்க வச்சுட்டு லைவ் வியூல பாருங்க, லென்ஸோட பிம்பம் திரையில சரியா நடுவுல தெரிஞ்சா ரெண்டும் நேரா இருக்குன்னு அர்த்தம், ஒரு பக்கம் ஒதுங்கினா ட்ரைபாட் தலையை அசைச்சு நடுவுக்கு கொண்டு வாங்க. ஸ்பிரிட் லெவலை விட இது துல்லியம். ரெண்டாவதுக்கு கருப்பு சார்ட் அட்டையில பிரேம் அளவுக்கு ஓட்டை வெட்டி, பிலிமுக்கு அடியில வைக்கற லைட் பேட்ல மிச்ச இடம் முழுக்க மூடிருங்க. அப்புறம் ரூம் லைட்டையும் அணைங்க, இல்லைன்னா பிலிம் மேல் பக்கம் பளபளன்னு உங்க ஜன்னலே தெரியும்.

மொபைல் ஸ்கிரீன் அவசரத்துக்கு பரவாயில்ல, கருப்பு வெள்ளைக்கு ஓடும். ஆனா பிலிமை நேரா அது மேல வச்சா ஸ்கிரீனோட புள்ளியெல்லாம் படத்துல விழும். நேம் போர்டு செய்யற கடையில பால் வெள்ளை அக்ரிலிக் துண்டு கேட்டா கொடுப்பாங்க, அதை ஸ்கிரீன்ல இருந்து ரெண்டு மூணு இன்ச் உயரத்துல வச்சு அது மேல பிலிம். ஷட்டர் வேகமா வச்சா கோடு கோடா வரும், நிதானமா 1/15 மாதிரி வைங்க. கலருக்கும் ஸ்லைடுக்கும் சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு சரியா காட்டும்ங்கற அளவு) 95க்கு மேலன்னு போட்ட எல்இடி பேனல் வாங்கிருங்க. இந்த வேலையில காசு போட வேண்டிய இடம் இது ஒண்ணுதான்.

பிலிம்ல ஒரு பக்கம் பளபளப்பு, ஒரு பக்கம் மங்கல். மங்கல் பக்கம்தான் மருந்து இருக்கற பக்கம், அதை கேமராவுக்கு காட்டுங்க, எடுத்த அப்புறம் கம்ப்யூட்டர்ல இடம் வலம் திருப்பிக்கணும். திருப்பினது சரியான்னு சந்தேகம் வந்தா பொம்பளைங்க புடவையைப் பாருங்க, முந்தானை இடது தோள்ல இருக்கணும். ஆம்பளைங்கன்னா சட்டைப் பை இடது பக்கம்.

ஸ்டுடியோ அண்ணாச்சி

தம்பி, கேமரா சங்கதியெல்லாம் ரீல்பெட்டி நல்லாவே சொல்லிட்டாரு. நான் டார்க்ரூம்ல வேலை பாத்த ஆளு, பிலிமைப் பத்தி மட்டும் சொல்லுதேன்.

முதல்ல அந்த டின்னைத் திறந்து மோந்து பாருங்க. வினிகர் மாதிரி புளிச்ச வாடை அடிச்சா அசிடேட் பிலிம் கெட ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம், அது நிக்காது, பக்கத்துல இருக்கறதையும் சேத்து கெடுக்கும். அந்த வாடை வர்ற நெகட்டிவை தனியா எடுத்து வச்சு அதைத்தான் மொத மொதல்ல காப்பி எடுக்கணும், நாளாக நாளாக அது சுருங்கி நெளிஞ்சு, பிலிமைப் பிடிக்கற எந்த கேரியர்லயும் படியாது.

பூஞ்சை. நிறைய பேரு தண்ணில கழுவிறலாம்னு நினைக்காங்க, தயவு செஞ்சு செய்யாதீங்க. பிலிம் மேல இருக்கது ஜெலட்டின், அதைத்தான் பூஞ்சை திங்குது. தின்ன இடம் தண்ணில கரையுற பக்குவத்துக்கு வந்திருக்கும், ஈரம் பட்டா பூஞ்சையோட ஆச்சி முகமும் சேந்து வழிஞ்சு போயிரும். காஞ்ச மெல்லிசு பிரஷ்ஷால மேலாப்புல தட்டி விடுங்க, இல்ல 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை மெத்துனு இருக்கற பஞ்சுல லேசா தொட்டு, முதல்ல பளபளப்பான பக்கம் மட்டும் துடைச்சுப் பாருங்க. மருந்து பக்கத்துல ஆழமா இறங்கிருந்தா விட்டுருங்க, கம்ப்யூட்டர்ல சரி பண்ணிக்கிறலாம்.

இன்னொண்ணு, இதை யாரும் சொல்ல மாட்டாங்க. ஸ்டுடியோல எடுத்த பெரிய நெகட்டிவ் எதாவது கிடந்தா, கல்யாண ஜோடி, பொண்ணு பாக்க அனுப்புன போட்டோ அந்த மாதிரி, மங்கல் பக்கத்தை வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிங்க. கன்னத்துலயும் கண்ணுக்குக் கீழயும் சாம்பல் நிறத்துல பொடிப் பொடியா பென்சில் கீறல் மினுங்கும். அது அழுக்கு இல்ல, டச்சிங். அம்மைத் தழும்பு, கண் குழி எல்லாத்தையும் ஊசி முனை பென்சிலால ஒவ்வொரு புள்ளியா நிரப்பி எடுத்த வேலை, ஒரு முகத்துக்கு மணிக்கணக்குல உக்காந்திருப்போம். ஆல்கஹால் பட்டா அம்புட்டும் போயிரும். அந்த நெகட்டிவ்ல ப்ளோயர் காத்து மட்டும் அடிங்க, வேற எதுவும் வேண்டாம்.

பழைய ஸ்டுடியோக்காரங்க யாரும் பழக்கம் இருந்தா, நெகட்டிவைப் பெருசாக்கி பிரிண்ட் போடற என்லார்ஜர் ஒண்ணு கேட்டுப் பாருங்க. இப்ப எல்லாரும் இரும்புக் கடைக்குத்தான் போடுதாங்க. தலையைக் கழட்டிட்டு அந்தக் கம்பத்துல கேமராவை மாட்டுனா ட்ரைபாடை விட பத்து மடங்கு உறுதி, ஏத்தி இறக்க சக்கரம் இருக்கும், சட்டுனு அளவு வச்சிறலாம். அதுல இருக்கற நெகட்டிவ் கேரியரையும் விடாதீங்க, பிலிமை நெளியாம பிடிக்கறதுக்குன்னே செஞ்ச சாமான் அது.

வேலை செய்யும்போது ஃபேனை அணைச்சிருங்க, தூசிக்கும் ஆட்டத்துக்கும் சேத்து. தரையை ஈரத் துணியால ஒரு தடவை துடைச்சிட்டு உக்காருங்க. வேர்வைக் கையோட ஓரத்தைத் தவிர வேற எங்கயும் தொடாதீங்க, பருத்தி கையுறை வச்சுக்கிட்டா நல்லது. ஸ்டுடியோ கவர்ல தேதி, பேரு எதாவது கிறுக்கியிருந்தா அந்தக் கவரையும் ஒரு போட்டோ எடுத்து அதே ஃபோல்டர்ல போட்டு வைங்க. அந்த பெரிய சதுர நெகட்டிவ், அதான் 120 பிலிம், அது ஓரத்துல பேரு இருந்தாலும் பாருங்க, எங்க கைல ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸோட இந்து பிலிமும், கிழக்கு ஜெர்மனி ஆர்வோவும்தான் ரொம்ப ஓடுச்சு. எந்தக் காலத்துப் படம்னு மட்டுக்கட்ட அது ஒதவும்.

தாமிரபரணி_79

அண்ணாச்சி, ரீல்பெட்டி ரெண்டு பேருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. பென்சில் டச்சிங் விஷயம் தெரியவே தெரியாது, பாத்தேன், அம்மா அப்பா கல்யாண நெகட்டிவ்ல அப்படியே இருக்கு! அம்மாகிட்ட காட்டினேன், அவங்களுக்கே தெரியலயாம்.

ட்யூப் வந்துருச்சு. கருப்பு வெள்ளை அருமையா வருது, வேட்டி கரை வரைக்கும் தெரியுது. ஆனா கலர்ல ரெண்டு பிரச்சினை. ஒண்ணு, ஜிம்ப்ல இன்வெர்ட் பண்ணினா எல்லாம் நீலமா வருது, ஆட்டோ போட்டா ஒவ்வொரு படமும் ஒவ்வொரு கலர். ரெண்டாவது, நடுவுல சரியா இருக்கு, நாலு மூலையும் வெளுத்துத் தெரியுது, கருப்பு வெள்ளையிலயும் கொஞ்சம் அப்படித்தான். லென்ஸ் கோளாறா?

கரிசல்_லென்ஸ்

கோளாறு எல்லாம் இல்லங்க. லைட்டும் லென்ஸும் மூலையில கொஞ்சம் வெளிச்சம் குறையறது சகஜம், சாதா படத்துல அது கருப்பா தெரியும், நெகட்டிவை திருப்பும்போது இருட்டு வெளிச்சமாகுது இல்லையா, அதான் வெளுப்பா தெரியுது. பிலிமை எடுத்துட்டு, ஃபோகஸ் அப்பெர்ச்சர் எதையும் தொடாம வெறும் லைட்டை மட்டும் ஒரு ஷாட் எடுத்து வைங்க, வெள்ளை அடிச்சுப் போகாத மாதிரி. ராதெரபின்னு ரா ஃபைல் திருத்தற சாஃப்ட்வேர்ல ஃப்ளாட் ஃபீல்டுன்னு ஒரு வசதி இருக்கு, அதுல இந்த ஃபைலைக் காட்டினா எல்லா படத்துலயும் மூலையை தானா சமன் பண்ணிரும். செட்டப்பை கலைச்சு மறுபடி வச்சா புதுசா ஒண்ணு எடுக்கணும், பழசு உதவாது.

கலருக்கு வருவோம். நெகட்டிவ்ல தெரியற ஆரஞ்சு நிறம் பிலிம் கெட்டுப்போனதால வந்தது இல்ல, கம்பெனியே வேணும்னு போட்டது. பிலிம்ல இருக்கற மெஜந்தா, சயான் சாயம் ரெண்டும் சுத்தமான நிறம் கிடையாது, உறிஞ்சக்கூடாத வெளிச்சத்தையும் கொஞ்சம் உறிஞ்சும், அதை ஈடுகட்டத்தான் இந்த மாஸ்க். பிரிண்ட் போடும்போது ஃபில்டர்ல அதைக் கழிச்சிருவாங்க. நீங்க கழிக்காம நேரா திருப்பினா ஆரஞ்சுக்கு எதிர் நிறம் நீலம், அதான் வருது.

அதனால ஒவ்வொரு ரோல்லயும் குறைஞ்சது ஒரு படமாவது பிரேமுக்கு வெளிய இருக்கற வெற்று ஓரம் தெரியற மாதிரி எடுங்க. படம் விழாத அந்த ஆரஞ்சுப் பட்டைதான் உங்களுக்கு அளவுகோல். டார்க்டேபிள்னு இன்னொரு சாஃப்ட்வேர்ல 2020ல வந்த 3.2 வெர்ஷன்ல இருந்து நெகடாக்டர்னு ஒரு மாட்யூல் இருக்கு, இலவசம், அதுல முதல் வேலையே அந்த ஓரத்தை பிக்கர்ல தொட்டுக் காட்டறதுதான். அப்புறம் டி மேக்ஸ் (பிலிமோட அதிகபட்ச அடர்த்தி), நிழல் பக்க கலர், வெளிச்சப் பக்க கலர்னு வரிசையா போகும். நெகடாக்டர் போடும்போது கான்ட்ராஸ்ட் அமைக்கற ஃபிலிமிக், சிக்மாய்டு மாட்யூல் எது ஓடிட்டு இருந்தாலும் அணைச்சிருங்க, ரெண்டும் சேர்ந்தா கான்ட்ராஸ்ட் கன்னாபின்னான்னு போகும். ராதெரபியிலயும் பிலிம் நெகட்டிவ்னு தனியா இருக்கு, உங்களுக்கு ஃப்ளாட் ஃபீல்டும் வேணும்ங்கறதால அதையே பழகிக்கறது சுலபம்னு எனக்குப் படுது. லைட்ரூம் வச்சிருக்கறவங்க அதுக்கு நெகட்டிவ் லேப் ப்ரோன்னு ஒரு ப்ளக்இன் வாங்கறாங்க, நல்லா இருக்கும், ஆனா காசு.

படத்துக்குப் படம் கலர் மாறுதுன்னு சொன்னீங்க பாருங்க, அதுக்கு காரணம் ஆட்டோ. எக்ஸ்போஷரும் ஒயிட் பேலன்ஸும் ஒரு ரோல் முழுக்க ஒரே மாதிரி பூட்டிருங்க. அந்த வெற்று ஓரம் ஹிஸ்டோகிராம்ல (வெளிச்ச அளவைக் காட்டற வரைபடம்) வலது முனையைத் தொடாம அதுக்கு முன்னாடி நிக்கற அளவுக்கு ஷட்டரை வச்சா அந்த ரோல்ல எந்தப் படமும் வெளுத்துப் போகாது. சிவப்பு சேனல்தான் முதல்ல முட்டும், அதை மட்டும் பாருங்க போதும். ஒரு படத்துல கலர் சரியா அமைச்சதும் அதே செட்டிங்கை மிச்சத்துக்கு ஒட்டிருங்க, அப்புறம் சின்னச் சின்ன திருத்தம்தான்.

தூசி விஷயத்துல மட்டும் ஸ்கேனர் ஒரு படி மேல. இன்ஃப்ராரெட் வச்சு தூசியைக் கண்டுபிடிச்சு அழிக்கற வசதி சில ஸ்கேனர்ல உண்டு, நம்ம முறையில கிடையாது. ஆனா அது வெள்ளி உள்ள கருப்பு வெள்ளை பிலிம்ல எப்படியும் வேலை செய்யாது, உங்க டின்ல பாதிக்கு மேல அதுதானே. ப்ளோயரை நல்லா அடிச்சுட்டு எடுங்க.

பருத்தித்துறையான்

தம்பி, நான் ரொறன்ரோவில இருக்கிறன். எங்கட பெரியப்பா லண்டனில படிக்கேக்க எடுத்த ஸ்லைட்டுகள் கடைசியில என்னட்டத்தான் வந்து சேர்ந்தது. லீவில ஊருக்கு வரேக்க எடுத்த படங்களும் அதுக்குள்ள கிடக்கு, இப்ப இல்லாத வீடுகள், இப்ப இல்லாத ஆக்கள். அதால இந்த வேலையை நான் மெத்தக் கவனமாத்தான் செய்யிறன்.

ஸ்லைட் நெகட்டிவ் மாதிரி இல்லை, திருப்பிற வேலை இல்லை, பாத்த நிறம் அப்பிடியே வரும், ஆனா கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையில தூரம் கூட. நெகட்டிவுக்கு கரிசல் சொன்ன மாதிரி ஒரு எக்ஸ்போஷரில பூட்டிப்போட்டு எடுக்கலாம், ஸ்லைட்டுக்கு அப்பிடிச் சரிவராது, ஒவ்வொண்டாப் பாக்கோணும். வானம், வெள்ளைச் சேலை வெளிறாமல் எடுங்கோ, இருட்டை ரோ ஃபைலில உயர்த்தலாம். கடும் இருட்டான ஸ்லைட் எண்டால் கமராவை அசைக்காமல் ரெண்டு மூண்டு எக்ஸ்போஷரில எடுத்துச் சேருங்கோ.

அட்டையில என்ன பேர் அடிச்சிருக்கு எண்டு பாருங்கோ. கோடாக்ரோம் எண்டால் உங்களுக்கு அதிர்ஷ்டம், 1935ல வந்த பிலிம், 2009ல நிப்பாட்டினவை, இருட்டுக்குள்ள வைச்சிருந்தால் நிறம் அவ்வளவு லேசில போகாது. என்னட்ட இருக்கிறதில சிவப்பு இன்னும் சிவப்பாத்தான் கிடக்கு. கோடாக்ரோமை கமராவில எடுத்தால் கொஞ்சம் நீலம் அடிக்கும், அது ஒயிட் பலன்ஸில சரிவரும். பழைய எக்டாக்ரோம் எண்டால் மெஜந்தாப் பக்கம் சரிஞ்சிருக்கும், மூண்டு நிறத்தையும் தனித்தனி வளைகோட்டில இழுத்துத்தான் மீட்கோணும்.

கோடாக் அட்டையில ஒரு பக்கம் இந்தப் பக்கம் திரைக்கு எண்ட மாதிரி இங்கிலீசில அடிச்சிருக்கும், அதுதான் மருந்துப் பக்கம். கண்ணாடிக்குள்ள மாட்டின ஸ்லைட் இருந்தால் வானவில் வளையம் வளையமாத் தெரியும், பிலிமும் கண்ணாடியும் முட்டுற இடத்தில வாறது, கண்ணாடியைக் கழட்டினால்தான் போகும். அட்டை ஸ்லைட் நடுவில கொஞ்சம் வளைஞ்சு நிக்கும், ஃபோகஸை நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையில ஒரு இடத்தில வையுங்கோ, எஃப்8 மிச்சத்தைப் பிடிக்கும்.

தாமிரபரணி_79

அண்ணா, ரொம்ப நன்றி. டப்பால கோடாக்ரோமும் இருக்கு, வேற பேரும் இருக்கு, பிரிச்சு வச்சிட்டேன். மூலை வெளுப்பு ஃப்ளாட் ஃபீல்டுல சுத்தமா போயிருச்சு. கடைசியா ஒண்ணு, கிளிக் 3 சதுர நெகட்டிவ் 21 ட்யூப்ல முழுசா அடங்க மாட்டேங்குது, ட்யூப் இல்லாம எடுத்தா சின்னதா தெரியுது.

ரீல்பெட்டி

அது 56 எம்எம் சதுரம், உங்க சென்சார் உயரம் 14.9, அப்ப 0.27 மடங்கு கிட்ட போதும். 13 எம்எம் ட்யூப் மட்டும் போட்டு, லென்ஸ் ஃபோகஸை தூரத்துப் பக்கம் வச்சுட்டு கேமராவை ஏத்தி இறக்கி ஃபோகஸ் பிடிங்க, 0.26 வரும், சுத்தி ஓரமும் கொஞ்சம் தெரியும். 4000க்கு 4000, அதாவது 16 மெகாபிக்சல் கிடைக்கும், அந்த லென்ஸ் கேமராவுக்கு அது தாராளம். குரூப் போட்டோ மாதிரி முகம் நிறைய இருக்கற படத்துக்கு மட்டும் 21 ட்யூப்ல பகுதி பகுதியா, கால்வாசி ஒண்ணு மேல ஒண்ணு வர்ற மாதிரி எடுத்து, படங்களை இணைக்கற ஹ்யூஜின் சாஃப்ட்வேர்ல ஒட்டிக்கோங்க. 120 பிலிம் அகலமா இருக்கறதால நடுவுல குழிஞ்சு நிக்கும், எடுக்கறதுக்கு முன்ன ராத்திரி கவரோட கனமான புக்குக்கு அடியில வச்சிருங்க, பூஞ்சை இருக்கறதையும் டச்சிங் இருக்கறதையும் தவிர. கலர் எடுத்ததும் வெற்று ஓரம் தெரியற ரா ஃபைல் ஒண்ணு இங்க போடுங்க, கரிசலும் நானும் தனித்தனியா கன்வெர்ட் பண்ணி செட்டிங்கோட போடறோம், எது உங்க பிலிமுக்கு ஒத்து வருதுன்னு பாத்து எடுத்துக்கோங்க.